கொட்டகலைக் குதிரை லாயத்தில் அக்கா வைத்த கம்பளி நூல் கடை

எனக்கு வயது எழுபத்தொன்று. வளர்த்தது ஏழு பிள்ளைகள். ஐந்து நான் பெற்றது, இரண்டு என் அக்கா பெற்றது. ஏழும் ஒரு குறையில்லாமல் வளர்ந்தன. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். அக்கா காலமாகி ஒரு வருடம் நிறையும் இந்நாளில், மகன்மார் நினைவு மலரை எழுதித் தருகிறோம் என்றார்கள். எங்கள் இருவரில் எழுத்துத் தெரிந்தவள் நான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் இருந்திருக்கிறேன். நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயம் என்ற தொழிலாளர் வரிசை வீட்டின் கடைசி அறையில், காம்பராவில், பிறந்தார். பத்து வயதில் தேயிலைக் கொழுந்துக் கூடை தூக்கினார். இரண்டாவது பிள்ளை தவழும்போது அக்கா வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்விட்டார். அதன்பின் அக்கா பங்களாவில் ஆயா வேலைக்குப் போனதால்தான் அவர் பிள்ளைகள் என்னிடம் வளர்ந்தார்கள். வெள்ளைக்காரத் துரையின் மனைவி, பங்களாத் துரைசாணி, கம்பளி நூலில் சட்டை பின்னுவதைப் பார்த்தே அக்கா பழகிக்கொண்டார். துரைசாணி சீமைக்குப் போகும்போது நான்கு சோடி ஊசிகளைக் கொடுத்துவிட்டுப் போனார்.

சுதந்திரம் கிடைத்துச் சில வருடத்தில், வயதாகிவிட்டது என்று எங்கள் இருவர் பேரையும் தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து வெட்டினார்கள். பேர் போனால் காம்பராவும் போகும். நானும் அப்போது தாலி இழந்தவள். மகன்மார் வந்து கூப்பிட்டார்கள். அக்கா அசையவில்லை.

"மருமக அடுப்பு மூலையில குந்திக்கிட்டுத் திங்க நான் போகல. இந்தக் குளிருக்குப் புள்ளைங்க சளி ஒழுகிக்கிட்டுத் திரியுதுங்க. கம்பளி நூலு விப்போம், பின்னவும் சொல்லிக் குடுப்போம். நீ வர்றியாடி, இல்லையா?"

போனேன்.

கொட்டகலைப் பஜாரில், துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவுக்கு ஒரு பழைய குதிரை லாயம் இருந்தது. ரயிலுக்கு வரும் துரைமார் முன்பு குதிரை கட்டிய இடம். முன்பக்கம் கடை, பின்பக்கம் எங்கள் குடியிருப்பு என்று பேச்சு. "தீவாளி வரைக்கும் பாப்பேன் ஆச்சி. யாவாரம் ஓடலன்னா உருளக்கெழங்கு மூட்ட அடுக்கிப்புடுவேன்" என்றார் நானா. கடை போனால் அக்கா வேண்டாம் என்ற அடுப்பு மூலைக்கே போகவேண்டும்.

திருத்த இரண்டு மாதம் பிடித்தது. தரைக் கல் இடுக்கில் ஊறிக் கிடந்த குதிரை மூத்திர நாற்றம் போகச் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவினோம். கூரைத் தகரம் ஒழுகியது. பாஸ் என்று நாங்கள் கூப்பிடும் சிங்களத் தச்சர் ஒருவர் ஏறித் தார் பூச, அக்கா கீழே நின்று இங்கே, அங்கே என்று சிங்களத்தில் காட்டிக்கொண்டே இருந்தார். குதிரை தின்ற மரத்தொட்டியை உடைக்கவிடாமல் காயவைத்து, நூல்கட்டுகளை அதில் நிரப்பினார். அலுமாரிக்குப் பதில் பழைய தேயிலைப் பெட்டிகளை அடுக்கியதும் அவர் யோசனைதான். உள்ளே ஈயத்தாள் ஒட்டியிருப்பதால் பனி ஈரம் நூலில் ஏறாது.

பலகை எழுத, லொறிகளுக்குப் பேர் எழுதும் பெயின்டர் வந்தார். எதிரே ரயில் நிலையம் இருந்ததால் நிலையம் என்ற சொல்லில் அக்காவுக்கு ஆசை. "கம்பளி நூல் விற்பனை நிலையம்னு போடுங்க" என்றார்.

"பலக சின்னது ஆச்சி. சுருக்கிப் போட்டுர்றேன்."

எழுதி முடிந்ததும் அக்கா என்னை வாசிக்கச் சொன்னார். கூட்டி வாசித்தேன்: நூல் நிலையம்.

"சரியா இருக்கா?"

"ஒரு எழுத்துத் தப்பில்லக்கா" என்றேன்.

கடை திறந்தோம். பெண்கள் ஒருவரும் வரவில்லை. கோட்டுப் போட்ட ஆண்கள்தான் வந்தார்கள். பேப்பர் வந்துவிட்டதா என்றார் ஒருவர். இன்னொருவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டே வந்தார்.

"என்னென்ன நூல் இருக்கு ஆச்சி?"

"செவப்பு, பச்ச, நீலம். ரெண்டு இழை, மூணு இழை."

கிண்டல் செய்கிறோம் என்று கோபித்துப் போய்விட்டார்.

இரண்டு வாரம் இப்படியே. ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு நழுவிய கொழுந்துக்காரி ஒருத்தியை அக்கா கையைப் பிடித்து நிறுத்தி, ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்டார்.

"நமக்கு எதுக்குப் பெரியம்மா? இது பொஸ்தகம் வச்சிருக்குற எடமாம்ல. எங்க வீட்டுக்காரரு பலகைய வாசிச்சுட்டுச் சொன்னாரு. படிச்சவங்கதான் வருவாங்களாம்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

"நீ படிச்ச படிப்புக்கு இங்க கட்டிக்கெடந்த குதிரையே தேவலடி" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அதற்குமேல் ஒரு வார்த்தை திட்டவில்லை.

பெயின்டர் பதுளைக்குப் போய்விட்டார். அக்கா பலகைக்குக் கீழே வரிசையாக ஆணி அடித்தார். சிவப்பு நூல்கட்டு ஒன்று, குழந்தைத் தொப்பி ஒன்று, ஒரு சோடி காலுறை, முழங்கை வரை பின்னி ஊசியோடு நின்ற ஒரு சட்டை. ரோட்டில் போகிற யாருக்கும் அதை வாசித்துச் சொல்ல ஆள் வேண்டியதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அதே கொழுந்துக்காரி இரண்டு பேரைக் கூட்டி வந்தாள். பிறகு லயம் லயமாக வந்தார்கள். தீபாவளிக்கு முதல் நாள் நானா வந்தபோது உள்ளே கால் வைக்க இடமில்லை. வாசலில் நின்றே, "கெழங்க வேற எடத்துல போட்டுக்கிறேன். எம் பேத்திக்கு ஒரு தொப்பி பின்னிக் குடுங்க ஆச்சி" என்றார்.

எட்டு வருடம் கடை நடந்தது. அக்கா ஒருநாளும் யார் அடுப்பு மூலையிலும் உட்காரவில்லை. சென்ற வருடம் பனிக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டியது. நான்காம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தவர் எழும்பவில்லை.

இடம் தந்த நானாவுக்கும், கூரை ஏறிய பாஸுக்கும், ஆஸ்பத்திரிக்குக் கார் விட்டவருக்கும், மழையில் பாடை சுமந்தவர்களுக்கும், கொத்மலையிலிருந்து நடந்தே வந்த உறவினருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

பேத்தி, இங்கே வாம்மா. அச்சுக்குக் கொடுக்குமுன் இதை எனக்குச் சத்தமாக வாசி. எழுத்துப் பிழை இருக்காது. படிக்கிறவர்கள் வேறு எதையாவது விளங்கிக்கொள்வார்களா, அதை மட்டும் பார்த்துச் சொல்.