இரண்டாம் நம்பர் டோக்கன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், ஆவி எதிலும் நம்பிக்கை கிடையாது. இருபத்தாறு வருஷம் பொம்மசந்திராவில் ஒரு ஃபேக்டரியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தவள் நான். வெர்னியரால் அளந்து பார், சரியாக இருந்தால் மஞ்சள் பெயின்டில் ஒரு புள்ளி வை, இல்லாவிட்டால் திருப்பி அனுப்பு, இதுதான் என் மதம். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் பாஸ்கரும் அவருடைய சிநேகிதர் பிரான்சிஸும் கோலார் தங்கவயலில் பக்கத்துப் பக்கத்து லைன் வீட்டில் வளர்ந்தவர்கள். இரண்டு பேருடைய அப்பாக்களும் சுரங்கத் தொழிலாளிகள். பூமிக்கு அடியில் உழைத்தவர்களுக்குப் பிறந்த இந்த இரண்டுக்கும் எங்கிருந்துதான் கடல் பைத்தியம் பிடித்ததோ, ஐம்பது வயதுக்கு மேல் மங்களூரில் யாரோ கைவிட்ட இருபத்தாறு அடி பாய்மரப் படகை வாங்கி, லாரியில் ஏற்றி, எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பின்னால் ஒரு வாடகை ஷெட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். ரிப்பேர் முடிந்ததும் மங்களூரிலிருந்து கொச்சிக்கு ஓட்டிக்கொண்டு போவதாகத் திட்டம். "மழைக்காலத்துல ஆபீஸ் போறதுக்கா சார்?" என்று பக்கத்து ஷெட்காரர்கள் கேலி பண்ணுவார்கள்.

ஆனால் அந்தச் சனி ஞாயிறுகள் இருக்கின்றனவே, இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது. அவர்கள் இருவரும் படகின் அடிப்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்து முடி முழுக்க வெள்ளைத் தூளோடு நிற்பார்கள். விவேக் நகரில் ஷாமியானா தைக்கிற கடையில் படகின் கிழிந்த பாயைத் தைத்து வாங்கினோம். மத்தியானம் பிரான்சிஸ் வீட்டிலிருந்து போட்டிக் குழம்பு வரும், தரையில் விரித்த பாயின் மேலேயே உட்கார்ந்து சாப்பிடுவோம். சாப்பிட்டதும் நான் டார்ச்சும் கண்ணாடியுமாக உள்ளே புகுந்து ஒவ்வொரு போல்ட்டையும் பார்த்துப் புள்ளி வைப்பேன். "இன்ஸ்பெக்டரம்மா வராங்கடா, எல்லாம் நேரா நில்லுங்க" என்று பிரான்சிஸ் போல்ட்டுகளிடம் சொல்வார்.

டோக்கன் ஏற்பாடும் அவருடையதுதான். சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் பலகையிலிருந்து தன் பித்தளை டோக்கனை எடுத்துக்கொண்டு போக வேண்டும், மேலே வந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் உள்ளே என்று அர்த்தம். படகுக்குள் ஃபைபர் ஒட்டுகிற ரெசின் பசை வாடையில் மயங்கி விழுந்தால் யாருக்குத் தெரியும் என்று, பிரான்சிஸ் லேத்தில் மூன்று டோக்கன் கடைந்து, ஷெட் சுவரில் மூன்று ஆணியோடு ஒரு பலகையும் மாட்டினார். ஒன்று பாஸ்கருக்கு, இரண்டு அவருக்கு, மூன்று எனக்கு. இரண்டாம் நம்பரில் டிரில் வழுக்கி ஓட்டை ஓரமாகப் போய்விட்டது. "இது ரிஜெக்ட்" என்றேன். "என்னையே ரிஜெக்ட் பண்ணிட்டியாம்மா" என்று சிரித்தார். மூன்றும் ஆணிக்கு வராமல் ஷெட்டைப் பூட்டக் கூடாது. பூட்டும் முன் படகின் உடம்பில் ஸ்பேனரால் மூன்று தட்டு தட்டி, காதை வைத்துக் கேட்க வேண்டும். பாறை சரிந்தால் உள்ளே மாட்டியவர்களை அவர்கள் ஊரில் அப்படித்தான் தேடுவார்களாம்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பிரான்சிஸ் ஹார்ட் அட்டாக்கில் போய்விட்டார். ஒரு வெள்ளிக்கிழமை காலை, பல் தேய்க்கும்போது. சவப்பெட்டியை மூடும் முன் பாஸ்கர் அழுதுகொண்டே இரண்டாம் நம்பர் டோக்கனை அவர் சட்டைப் பையில் போட்டார். "என்னங்க பண்றீங்க, டோக்கன் திரும்பி வராட்டி ஷெட்டை எப்படிப் பூட்டுவீங்க?" என்று கேட்டுவிட்டேன். துக்க வீட்டில் கேட்கிற கேள்வியா அது? இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

இன்னொரு தப்பும் செய்தேன். இன்ஜினுக்குக் கடல் தண்ணீர் எடுக்க, படகின் அடியில் ஓர் ஓட்டை உண்டு. அதில் ஒரு வால்வு. அது உடைந்தால் படகு கொஞ்ச நேரத்தில் நிரம்பி மூழ்கிவிடும். அந்தப் பழைய வால்வைக் கழற்றி, பளபளவென்று தேய்த்து மறுபடி மாட்டியதுதான் பிரான்சிஸ் கடைசியாகச் செய்த வேலை. அவர் கை பட்ட இடத்தில் ஸ்பேனர் வைக்க எனக்கு மனசு வரவில்லை. சோதிக்காமலே மஞ்சள் புள்ளி வைத்துவிட்டேன். என் சர்வீஸில் நான் வைத்த ஒரே பொய்ப் புள்ளி அது. இத்தனைக்கும் பிரான்சிஸின் இடத்தில் நானே கொச்சிவரை கூடப் போவதாக இருந்தது, அல்சூர் ஏரியில் படகேறினாலே எனக்கு வாந்தி வரும்.

புறப்படுகிற நாள். ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. மேகமூட்டம்தான், ஆனாலும் நல்ல வெளிச்சம், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். படகை லாரியில் ஏற்றிக் கட்டியாகிவிட்டது. ஒன்றும் மூன்றும் ஆணியில், இரண்டு காலி. "பேக மாடி சார், மலைப்பாதை இறங்கணும்" என்று டிரைவர் அவசரப்படுத்தினார். பாஸ்கர் பழக்க தோஷத்தில் படகை மூன்று முறை தட்டினார்.

உள்ளேயிருந்து மூன்று தட்டு திரும்பி வந்தது.

நிதானமாக, டக், டக், டக். வெயிலில் ஃபைபர் விரிகிற சத்தம் என்று சொல்லலாம் என்றால் வானம் மூடியிருந்தது. எலி என்றால் எலிக்கு எண்ணத் தெரியுமா? டிரைவர் முகம் வெளுத்து, "ஒளகடெ யாரோ இத்தாரெ மேடம்" என்றார். உள்ளே யாரோ இருக்கிறார்களாம். நான் மூன்றாம் நம்பரை எடுத்துக்கொண்டு படகில் ஏறி உள்ளே இறங்கினேன். யாரும் இல்லை. "இன்னொரு தடவை தட்டுங்க" என்று கத்தினேன். அவர் தட்டினார். பதில் என் காலுக்கு அடியிலிருந்து வந்தது. தரைப் பலகையைத் தூக்கினேன். வால்வு, அதில் என் மஞ்சள் புள்ளி.

 பிறகு ஸ்பேனரை வைத்து லேசாகத் திருப்பினேன். வால்வு பிஸ்கட் மாதிரி இரண்டாக உடைந்து கையோடு வந்துவிட்டது. மேலே பளபளப்பு, உள்ளே உப்பு அரித்துச் செம்பு நிறத்தில் பொடிப்பொடியாக இருந்தது. வெளியே வந்து, "நான் பார்க்காமலே பாஸ் பண்ணேங்க" என்று சொல்லி ஓவென்று அழுதேன். பாஸ்கர் திட்டவில்லை. உடைந்த துண்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

புது வால்வு வாங்கி, நானே அழுத்தி, திருகி, தண்ணீர் ஊற்றிப் பார்த்து மாட்டி, செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். ஷெட்டைப் பூட்டியது நான். அப்போது இரண்டாம் ஆணி காலியாக இருந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். சாவி என் ஹேண்ட்பேக்கில்தான் இருந்தது. வழி முழுக்க வாந்தி எடுத்தேன், ஆனால் கொச்சி போய்ச் சேர்ந்தோம், உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து ஷெட்டைக் காலி பண்ண இரண்டு பேரும் ஒன்றாகப் போனோம். பூட்டைத் திறந்தது நான், முதலில் நுழைந்ததும் நான். பலகையில் மூன்று டோக்கன் தொங்கியது.

ஒன்றிலும் மூன்றிலும் மூன்று வாரத் தூசி, தொட்டால் சில்லென்று இருந்தது. இரண்டில் தூசியே இல்லை. தொட்டேன், வெதுவெதுப்பாக இருந்தது, சட்டைப் பையிலிருந்து இப்போதுதான் எடுத்த மாதிரி. பாஸ்கர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "வெளிய வந்துட்டான் ஜெயா" என்றார். பிறகு ஷெட்டைப் பூட்டினார். அன்றைக்கு அவர் தட்டிப் பார்க்கவில்லை.

அவர்தான் இன்னொன்று செய்து மாட்டியிருப்பார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நானும் நினைத்தேன், கேட்டேன், பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணினார். டோக்கன் இப்போது எங்கள் வீட்டு டிராயரில் இருக்கிறது. ஓட்டை ஓரமாகத்தான் இருக்கிறது, கண்ணாலேயே தெரிகிறது. பழைய ரிஜெக்ட் ரிப்போர்ட் மாதிரி அந்த அளவு எனக்கு மனப்பாடம். வெர்னியரும் அதே டிராயரில்தான் கிடக்கிறது. இன்றுவரை நான் அளந்து பார்க்கவில்லை.