தாய்மாமன் முகம்

போன வாரம் சிம்மக்கல்லில் ஷேர் ஆட்டோ ஏறினேன். பக்கத்தில் இருந்தவர் மடியில் ஒரு பிளெக்ஸ் சுருள். அப்போதுதான் அச்சாகி வந்திருக்க வேண்டும், மை முழுக்கக் காயவில்லை. மண்ணெண்ணெயில் நகப்பூச்சைக் கலந்தது போல ஒரு வாடை. எதிரில் இருந்த பெண் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். நான் மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே மூச்சை இழுத்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடி வழியே என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். அவரிடம் என்ன சொல்வது? பதினோரு வருடம் அந்த வாடையில்தான் சோறு தின்றேன் என்றா?

அது ராஜிக்காவின் கடை. முன்னால் அச்சு இயந்திரம், உள்ளே கண்ணாடித் தடுப்புக்குள் டிசைன் அறை. அக்காவுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டிலிருந்து போன் வந்தால் அவர்கள் பாஷையில் படபடவென்று பேசிவிட்டு, எங்கள் பக்கம் திரும்பும்போது மதுரைத் தமிழுக்கு வந்துவிடுவார். நாங்கள் மூன்று பேர். மூலை இருக்கையில் நான். எனக்கு வேலை கட்டிங், அதாவது போட்டோவில் இருக்கும் ஆளைப் பின்னணியிலிருந்து வெட்டி எடுப்பது. காது மடல், மீசை நுனி, காற்றில் பறக்கும் முடி எல்லாம் பிசிறில்லாமல் வரவேண்டும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஸ்டுடியோவில் டச்சப் வேலை பார்த்த கை என்பதால் இது எனக்குச் சுலபமாக வந்தது. நடு இருக்கையில் பாண்டியம்மாள், எழுத்து அடிப்பவர். கண்ணாடியை ஒட்டிய இருக்கையில் செல்வம். வருகிறவர்களிடம் பேசி, மொத்த பேனரையும் அமைப்பது அவன்.

இதில் என்ன என்று கேட்பீர்கள். செல்வம் எனக்கு ஒன்றரை வருடம் கழித்துச் சேர்ந்தவன். கொட்டாம்பட்டிக்காரன், என் வயதுதான். வந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து கட்டிங்தான் பார்த்தான். அக்கா மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்களை இடம் மாற்றி உட்காரச் சொல்வார். எல்லோருக்கும் எல்லாம் தெரிய வேண்டும் என்பார். அப்படி மாறியபோது செல்வம் கண்ணாடிப் பக்கம் போனான், அங்கேயே தங்கிவிட்டான். நானும் ஒரு தடவை அங்கே உட்கார்ந்தேன். வந்தவர், "அண்ணே, பொண்ணு சடங்குக்கு என்ன கலரு நல்லாருக்கும்?" என்று கேட்டார். நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் காத்திருந்து பார்த்துவிட்டு, "இவரு பேச மாட்டாராக்கா?" என்று உள்ளே கேட்டார். மறுநாளே மூலைக்கு வந்துவிட்டேன்.

அதிலிருந்து அவன் எது செய்தாலும் எனக்குப் பொறுக்காது. அவன் சிரித்தால் வாடிக்கையாளர் சிரிப்பார். "செல்வம் இல்லையா? அப்ப நாளைக்கு வாரேன்" என்று திரும்பிப் போகிறவர்கள் உண்டு. நாள் முழுக்க அவர்கள் தலைமுடியை ஒவ்வொரு இழையாக வெட்டிக் கொடுத்தவன் நான். என்னை அவர்கள் ஏறிட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

அக்காவிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. ஆளுக்கு ஒரு பக்கம். யாருக்கு என்ன வரும், அடுத்து என்ன பழக்க வேண்டும் என்று அதில் எழுதி வைப்பார். ஒருநாள் அவர் சாப்பிடப் போனபோது திறந்து பார்த்தேன். என் பக்கத்தில், "கட்டிங்கில் இவரை அடிக்க ஆளில்லை. வாயைத் திறக்க வேண்டும்." செல்வத்தின் பக்கம் நிரம்பி அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தது. கடைசி வரி, "எதைக் கொடுத்தாலும் பழகிக்கொள்வான்." அவர் வருமுன் மூடி வைத்துவிட்டேன்.

அந்த வருடம் அக்கா பெட்டி டிசைன் எடுக்க முடிவு செய்தார். பலகாரக் கடைகளுக்கான அட்டைப் பெட்டி. அதற்குக் கோயம்புத்தூரில் இரண்டு வாரப் பயிற்சி. ஒருவர்தான் போகலாம். போய் வருகிறவர்தான் அறைக்குப் பொறுப்பு. "யாருக்குப் போக ஆச, சொல்லுங்க" என்றார். பாண்டியம்மாள் பிள்ளைகளை விட்டு வர முடியாது என்றார். செல்வம் எழுந்து நின்று, "நான் போறேங்க்கா" என்றான். எனக்கும் ஆசை, நெஞ்சு முட்டும் ஆசை. வாய் வரவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். செல்வம் என்று முடிவானது.

அந்த வாரம்தான் காதுகுத்து பேனர் வந்தது. செல்வத்தின் ஊர், அவனுக்குத் தூரத்துச் சொந்தம். பதினெட்டு முகங்கள். போட்டோக்களின் பின்னால் பென்சிலில் உறவு எழுதியிருந்தது. நான் ஸ்கேன் செய்து, வெட்டி, வரிசை எண் போட்டு அனுப்பினேன். எல்லா முகமும் எனக்கு மனப்பாடம். ஒரு மீசையோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அது யார் மீசை என்று மறக்குமா? தாய்மாமனுக்கு இடது புருவத்தில் ஒரு தழும்பு. குழந்தையின் சித்தப்பாவும் அதே வெள்ளைச் சட்டை, அதே மீசை, தழும்பு மட்டும் கிடையாது.

குழந்தையின் அப்பா வந்து திரையில் பார்த்தார். தன் முகம் பெரிதாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, "சூப்பர் மாப்ள" என்று போய்விட்டார்.

எங்கள் அறையில் ஒரு முறை உண்டு. அச்சுக்குப் போகுமுன் பக்கத்து இருக்கைக்காரர் ஒருதரம் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். அன்று பாண்டியம்மாள் வரவில்லை. செல்வம் என்னைக் கூப்பிட்டான். "மாப்ள, ஒருக்கா பாரு. எங்கூரு வேல, ஒரு கொற வந்துரக் கூடாது."

போய் நின்றேன். மேலே, குழந்தையை மடியில் வைக்கப்போகிற தாய்மாமனுக்கான பெரிய வட்டத்தில், புருவத்தில் தழும்பு இல்லாத முகம். சித்தப்பா. கீழே மூன்றாம் வரிசையில் கட்டைவிரல் அளவுக்குத் தாய்மாமன். மாற்றி வைத்திருந்தான். பார்த்த உடனேயே தெரிந்தது.

"நல்லாருக்கு" என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் வாய் திறந்தது பாருங்கள்.

விசேஷத்தன்று தாய்மாமன் மேளத்தோடு சீர்த் தட்டுகளைச் சுமந்து வந்திருக்கிறார். பந்தல் வாசலில் பேனரைப் பார்த்தவர், தட்டுகளை ரோட்டிலேயே இறக்கச் சொல்லிவிட்டு எதிரே புளியமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். "அந்தாளு மடியிலயே ஒக்கார வச்சுக் குத்துங்கப்பா. நான் பந்திக்கு மட்டும் வாரேன்" என்றாராம். குழந்தையின் அம்மா அழுதிருக்கிறாள். அவள் தன் கையாலேயே பேனரைக் கிழித்து எடுத்த பிறகுதான் அண்ணன்காரர் எழுந்தாராம். விருந்துக்குப் போயிருந்த செல்வம் சாப்பிடாமல் வந்துவிட்டான்.

மறுநாள் காலை அக்கா எங்களை உட்கார வைத்தார். அவர் கத்தவில்லை.

"செல்வம், தப்பு எல்லாரும்தான் செய்வோம். அதுக்குத்தான பக்கத்து சீட்டு பாக்கணும்னு வச்சிருக்கு? இத யாரு பாத்தா?"

சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

செல்வம் என் பக்கம் பார்க்காமல், "யார்ட்டயும் காட்டலக்கா. அவசரத்துல நானே அனுப்பிட்டேன்" என்றான்.

அக்காவின் முகம் மாறிவிட்டது. முகத்தை மாற்றி வைத்ததைக்கூட அவர் மன்னித்திருப்பார். முறையை மீறியதை மன்னிக்க மாட்டார். "பொறுப்புக்கு வரப்போறவன் இப்புடிச் செஞ்சா எப்புடி?" என்றார். நோட்டைத் திறந்தார். பிறகு என்னைப் பார்த்தார். "கோயம்புத்தூருக்கு நீங்க போயிட்டு வாங்க."

டீக்கடைக்குப் போனோம். செல்வம் வழக்கம்போல எனக்கும் சேர்த்துச் சொன்னான். கிளாஸை என் கையில் கொடுத்தபடியே மெதுவாகக் கேட்டான். "நெசமாவே கவனிக்கலையா மாப்ள? அந்தத் தழும்ப நீதான எனக்குக் காட்டுன?"

ஆமாம், காட்டியிருந்தேன். வெட்டி முடித்த அன்று, எவ்வளவு துல்லியம் பார் என்று பெருமையாகக் காட்டியிருந்தேன்.

"கவனிக்கல" என்றேன்.

ஒரு வாய் டீ குடித்தான். "சரிங்கண்ணே" என்றான்.

கோயம்புத்தூருக்குப் போனேன், பழகினேன். பெட்டி டிசைன் எனக்கு நன்றாகவே வந்தது, அதையும் சொல்ல வேண்டும். கண்ணாடிப் பக்கத்தில் உட்கார்ந்தேன், தட்டுத்தடுமாறிப் பேசவும் பழகினேன். செல்வத்துக்கும் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். கொடுக்கும்போதெல்லாம் "சரிங்கண்ணே", "ஆகட்டும்ணே" என்றுதான் சொன்னான். ஒரு வார்த்தை கூடக் குறையாது. எட்டு மாதம் கழித்துச் சிவகாசிக்குப் போய்விட்டான். நான் கோயம்புத்தூர் போய்ப் பழகியதை அவன் அந்த எட்டு மாதத்தில் எடுத்துக்கொண்டு போனான் என்று அப்போதும் வயிறு எரிந்தது.

ராஜிக்கா கடையை எடுத்துவிட்டார். அந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். நான் வீட்டில் தனியாக உட்கார்ந்து டிசைன் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலுக்கு வரும். முடி வெட்டும் வேலையை ஒரு தட்டலில் போனே செய்துவிடுகிறது. அதில் எனக்கு வருத்தமில்லை, கண்ணுக்கு ஓய்வு.

போன வருடம் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் செல்வத்தைப் பார்த்தேன். கூட அவனிடம் வேலை பார்க்கும் நாலைந்து பேர். ஏதோ பயிற்சிக்கு எல்லோரையும் ஒன்றாகவே கூட்டிப் போகிறானாம், ஒருத்தரையும் விடாமல். அதற்கும் எனக்குப் பொறாமை வந்தது. "இவருதான் எனக்குப் பெட்டி வேல சொல்லிக் குடுத்தவரு" என்று அவர்களிடம் காட்டினான். "நல்லாருக்கீங்களாண்ணே?"

பார்த்தேன் செல்வம், அன்றைக்குப் பார்த்தேன் என்று சொல்லத் தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் அவர்கள் பஸ் கிளம்பியது. "வாரேண்ணே" என்று ஏறிக்கொண்டான்.

பஸ் ஸ்டாண்டு முழுக்க ஒருத்தரை ஒருத்தர் மாப்ள, மாப்ள என்று கூவிக்கொண்டிருந்தார்கள். என்னை அப்படிக் கூப்பிட்டவன் அவன் ஒருத்தன்தான்.