படத்தில் வெள்ளையாக இருந்த இடம்

என் வேலை என்னவென்று எங்கள் வீட்டில் யாருக்கும் உருப்படியாகத் தெரியாது. "சாட்டிலைட்ல கடலப் பாக்கா" என்பார்கள், ஏதோ ஜன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்ப்பது போல. கடலில் கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்கிறது. நாம் விடும் புகையில் இருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு வளர்கிறது. செத்தால் அதில் கொஞ்சத்தைக் கடலடிக்குக் கொண்டுபோய்விடுகிறது. தண்ணீரின் நிறத்தை வைத்து அந்தப் பாசி எங்கே, எவ்வளவு என்று பார்ப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. இதை விளக்கியபோது அண்ணன், "அப்ப நம்ம வெடிப் புகையையும் அதான் திங்குதாக்கும்" என்றார்.

அண்ணனுக்குத் திருத்தங்கலில் அச்சகம். விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனி ஒன்றும் இருந்தது. பக்கத்துக் கம்பெனி வெடித்து, எங்கள் சுவர் வரைக்கும் தீ வந்து நின்ற வருஷம், இந்தத் தொழிலே வேண்டாமென்று மதினி ஒற்றைக்காலில் நின்றார். விற்றார்கள். விற்ற காசு மொத்தமும் தூத்துக்குடிக்கு வடக்கே, கடலோரத்தில் இறால் குளங்களாயிற்று. "தண்ணி வெடிக்காதுல்ல" என்றார் அண்ணன். கடலையும் நம்ப முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை எப்படிச் சொல்ல?

போன புரட்டாசியில் மன்னார் வளைகுடாவில் பாசி தாறுமாறாகப் பெருகியது. பாசி மிகுந்த இடத்தை எங்கள் படத்தில் சிவப்பாகக் காட்டுவோம். அந்தச் சிவப்பு, கரையை ஒட்டி அண்ணனின் குளங்கள் இருக்கும் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. இப்படிப் பெருகினால் பாசியே எமன். மொத்தமாகச் செத்து அழுகும்போது தண்ணீரில் இருக்கும் பிராணவாயுவை எல்லாம் குடித்துவிடும். உடனே அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, கடல் தண்ணிய இப்பக் குளத்துக்குள்ள விடாதீக."

"தண்ணி மாத்தாம எம்புட்டு நாள் வைக்க முடியும்? நீ தெனம் படத்த அனுப்பு, பாத்துக்கிடுதேன்."

அனுப்பினேன். ஒரு நாள் மேகம் திரண்டுவிட்டது. மேகத்தைத் தாண்டித் தண்ணீரின் நிறம் சாட்டிலைட்டுக்குத் தெரியாது. தெரியாத இடத்தை வெள்ளையாக விட்டுவிடுவோம். "மேகமா இருக்கு, பொறுங்க" என்று எழுதித்தான் அனுப்பினேன். அன்று மத்தியானம் அவரே கூப்பிட்டார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"தங்கச்சி, ஒன் செவப்பெல்லாம் போயிட்டு. கரைப் பக்கம் வெள்ளை வெளேர்னு இருக்கு. மோட்டாரப் போடச் சொல்லிட்டேன்."

"அது மேகம்ணே. வெள்ளைன்னா அங்க என்ன இருக்குன்னே தெரியலன்னு அர்த்தம்."

"வெள்ளைன்னா மை விளலன்னுதான தாயி அர்த்தம்? மேகம் மேல கெடக்கு, கீள தண்ணி சுத்தமாயிட்டுன்னு நெனச்சேன்" என்றார்.

ஆயுசு முழுக்கக் காலண்டர் அடித்தவர். மை விழாத இடம் வெறும் காகிதம், அங்கே ஒன்றும் கிடையாது. அவரைச் சொல்லி என்ன செய்ய? ஆனால் அன்று எனக்கு அந்த நியாயமெல்லாம் தோன்றவில்லை. "மொதல்ல மோட்டார நிறுத்தச் சொல்லுங்க" என்று கத்தினேன். ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. குளமெல்லாம் கொழகொழவென்று பச்சைத் தண்ணீர். மூச்சுக்குத் தவித்து மேலே வந்த இறால்கள் கரையோரம் ஒதுங்கிச் செத்துக் கிடந்தன. ஆட்கள் கூடை கூடையாக அள்ளிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார். மதினி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "தீன்னா சத்தமாவது கேக்கும். இது ஒண்ணுமே கேக்கலையே."

மேகம் விலகியபின் வந்த படத்தில் சிவப்பு முன்னைவிட அகலமாக இருந்தது. கடல் சூடேறிக்கொண்டே போகிறது, பாசிக்கு அது தோது. பாசி அடுத்து எப்போது பெருகும், எந்தக் கரையில் ஒதுங்கும் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. வந்துவிட்டதைத்தான் எனக்குப் பார்க்கத் தெரியும், வரப்போவதை அல்ல. இதை அண்ணனிடம் எத்தனையோ விதமாகச் சொல்லிவிட்டேன். அவர் கேட்பதாக இல்லை. அன்றைக்கு 'பொறுங்க' என்ற ஒரு வார்த்தையை மதிக்காதவர், இப்போது காலையில் காப்பி குடித்த கையோடு கூப்பிடுகிறார். "தண்ணி விடலாமா? நீ சரின்னு சொன்னாத்தான் மோட்டார் ஓடும்."

குளங்கள் தண்ணீரில்லாமல் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கின்றனவாம்.

"இன்னைக்கும் வேண்டாம்ணே" என்கிறேன்.

"சரித்தா" என்று வைத்துவிடுகிறார்.