வரிசையில் கடைசிப் புத்தகம்

கும்மிடிப்பூண்டியில் ஒரு பெயிண்ட் கம்பெனியின் ஸ்டோரில் எனக்கு வேலை. ஸ்டோரில் ஒரே ஒரு சட்டம்தான்: முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே போக வேண்டும். மாதத்துக்கு ஒரு நிறம் என்று ஒவ்வொரு டிரம்மிலும் வட்டமாக ஸ்டிக்கர் ஒட்டுவோம். பழையது முன்னால், புதியது பின்னால். அவசரத்துக்கு எவனாவது பின்னால் இருப்பதை உருவிக்கொண்டு போய்விட்டால் அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்காது.

வீட்டிலும் நான் அப்படித்தான். எனக்கு ஓர் எழுத்தாளர் மேல் பித்து. விண்கலம், வேற்றுக்கிரகம், மந்திரவாதி, பேசும் மலை என்று வாழ்நாள் முழுக்க எழுதிக் குவித்துவிட்டுச் செத்துப்போன வெள்ளைக்காரர். தமிழில் வந்த அவர் புத்தகங்களை எல்லாம் வாங்கி, அவர் எழுதிய வரிசைப்படி அலமாரியில் அடுக்கி, முதுகில் ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கிறேன். அந்த வரிசையில்தான் படிக்கிறேன். இன்னும் பாதிகூடத் தாண்டவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்து புத்தகத்தைப் பிரித்தால் ரெண்டு பக்கத்தில் கண் சொக்கிவிடும்.

படிப்பதுகூடப் பரவாயில்லை. படித்ததைப் பேச ஆள் இல்லை, அதுதான் எரிச்சல். கம்பெனி பஸ்ஸில் நான் வாயைத் திறந்தாலே பக்கத்து சீட்டுக்காரர் காதில் ஒயரை மாட்டிக்கொள்கிறார். ஃபோனில் ஒரு வாசகர் குழு இருக்கிறது. புதிதாகப் படிக்கிறவர்கள் இவரை எங்கே தொடங்கலாம் என்று அதில் கேட்டேன். ஒருவர் சிறுகதை என்றார். இன்னொருவர் டிராகன் வரும் நாவல் என்றார். மூன்றாமவர் இவரைப் படிப்பதே தண்டம் என்றார். அப்புறம் அவர்களுக்குள் அடித்துக்கொண்டதில், கேட்டவன் ஒருவன் இருக்கிறான் என்பதே மறந்துவிட்டது.

நான் கேட்டது என் மனைவிக்காக. அவள் புதுவாயல் பக்கம் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறாள். இவள் ஒருத்தி படித்துவிட்டால் போதும், சாப்பிட உட்காரும்போது பேச ஆள் கிடைக்கும். இதுதான் என் நெடுநாள் ஆசை.

குழுவை நம்பாமல் முதல் புத்தகத்தையே கொடுத்தேன். அதில் முதல் அத்தியாயம் முழுக்க ஒரு ராக்கெட்டின் எரிபொருள் குழாய் எங்கிருந்து எங்கே போகிறது என்றே இருக்கும். மனிதர்கள் வர வெகு நேரம் ஆகும். உண்மையைச் சொன்னால் சரியான மொக்கை. எழுதும்போது அவருக்கு மீசைகூட முளைத்திருக்காது.

"இன்னாங்க இது? நாள் பூரா கம்பெனில பைப்பையும் போல்ட்டையும் பாத்துகினு வர்றேன். ஊட்டுக்கு வந்தும் பைப்பா?"

"போகப் போக நல்லா இருக்கும். இத்த தாண்டினாதான் அடுத்தது."

"உங்க ஸ்டோரு சட்டத்த ஸ்டோரோட வச்சிக்கோங்க."

புத்தகம் ஃபிரிட்ஜ் மேல் ஏறியது. அதன் மேல் மாத்திரைப் பட்டையும் சார்ஜரும் ஏறின. பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மேல் பாதிக் கோபம், தொடக்கத்தை இவ்வளவு மோசமாக எழுதித் தொலைத்த அந்த மனிதர் மேல் பாதி.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் துடைத்தபோது வரிசையின் கடைசி இடம் காலியாக இருந்தது. அவர் சாவதற்கு முன் எழுதிய கடைசிப் புத்தகம். சமையலறையில் இருந்தவளிடம் எங்கே என்று கத்தினேன்.

"அதுவா? நான்தான் எடுத்தேன். மெலிசா இருந்துச்சு, பைக்குள்ள போச்சு. அன்னிக்கு ஹைவேல லாரி கவுந்து எங்க வேன் நின்னுபோச்சு இல்ல, அப்ப படிக்க ஆரம்பிச்சேன். முடிச்சிட்டேன்."

முடித்துவிட்டாளாம்! நான் வருஷக்கணக்காக நடந்துகொண்டிருக்கும் ஊருக்கு இவள் வேனில் போய் இறங்கிவிட்டாள்.

அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். கடலில் மூழ்கிப்போன ஓர் ஊருக்காக, தினமும் சாயந்திரம் கரையில் நின்று மணி அடிக்கும் கிழவியின் கதையாம்.

"சொல்லாத! நான் இன்னும் அங்க வரல" என்று காதைப் பொத்தினேன். அவள் என் கையைப் பிடித்து விலக்கினாள். அவள் கண்ணில் அப்படியொரு பரபரப்பை நான் பார்த்ததே இல்லை.

"கேளுங்க. ஒருநாள் தண்ணிக்குள்ளேர்ந்து பதில் மணி கேக்குது. அதுக்குத்தான அத்தினி வருசமா காத்துகினு இருந்தா? அப்புறம் இன்னாத்துக்குங்க அவ திரும்பி அடிக்கல? மண்டைய கொடையுது. உங்களுக்குத்தான் அந்தாளப் பத்தி எல்லாம் தெரியுமே, சொல்லுங்க."

இப்படி ஒரு கேள்வி அவள் வாயிலிருந்து வராதா என்றுதான் இத்தனை காலம் ஏங்கினேன். வந்துவிட்டது.

"தெரியாது. நான் அத்தப் படிக்கல" என்றேன். அவமானமாக இருந்தது.

என் கையை விட்டாள். பிறகு எழுந்தாள். "சரி, வேன்ல பக்கத்துல உக்கார்ற அக்கா இப்ப அதத்தான் படிச்சிகினு கீறாங்க. அவங்ககிட்டயே பேசிக்கறேன்."

"நாளைக்கு அந்தப் புத்தகத்த வாங்கினு வா. நான் மொதல்ல அத்தப் படிக்கறேன்."

"அந்தக்காவுக்கு அப்புறம் வேன்ல இன்னும் ரெண்டு பேரு கேட்டுக்கிறாங்க" என்றாள், அடுப்பை மறுபடி பற்றவைத்தபடி. "வரிசைல வாங்க."