டொக்டர் எழுதித் தந்த சாப்பாடு

கக்கூஸில் எறும்பு மொய்ப்பதை முதலில் கண்டது அண்ணனின் மனைவிதான். இரண்டு நாள் வீட்டில் ஒவ்வொருவரையும் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் வந்து என் முன்னால் நின்றாள்.

"மச்சாள், உங்களுக்குச் சீனி வியாதிதான்."

"எப்பிடித் தெரியும்?"

"எறும்பு பொய் சொல்லுமே?"

எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. கலியாணம் ஆகவில்லை. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணன் கந்தோரில் கிளார்க். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். சமையல் என்னுடைய வேலை. மற்ற நேரத்தில் முன்னறை மூலையில் தையல் மெசினைப் போட்டுக்கொண்டு, ஒழுங்கையில் உள்ள பெண்களுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பேன். ஆட்களோடு பேசுவது எனக்குக் கஷ்டம். அளவு எடுக்கும்போதுகூட வாய்க்குள் குண்டூசியை வைத்துக்கொள்வேன். வாயில் குண்டூசி இருந்தால் ஒருவரும் பதில் எதிர்பார்க்க மாட்டார்கள்.

உடம்பு பெருத்துப் போயிருந்தது உண்மைதான். முழங்கால் வலி, ஓயாத தாகம். இராத்திரியில் நாலைந்து முறை எழும்ப வேண்டியிருந்தது. அண்ணன் அரைநாள் லீவு போட்டு, காலி றோட்டில் இருந்த ஒரு பறங்கி டொக்டரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். டொக்டர் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல நிறத் தண்ணீரை ஊற்றி, என் சலத்தில் சில துளிகளை விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறமாக வந்து நின்றது. அதைத் தூக்கி அண்ணனுக்குக் காட்டினார். எனக்குக் காட்டவில்லை.

பிறகு இரண்டு பேரும் இங்கிலிஷில் கதைத்தார்கள். இடையில் சிரித்தார்கள். என் உடம்பைப் பற்றிய கதை, என் தலைக்கு மேலாலே போய் வந்துகொண்டிருந்தது. நான் எட்டாம் வகுப்பு வரை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். இங்கிலிஷ் எழுத்துகளை அச்சில் கண்டால் தெரியும். கையெழுத்து என்றால் எனக்கு அது கோழி கிளறிய மண். டொக்டர் ஒரு தாள் நிறைய எழுதி, நடுவில் ஒரு கோடு இழுத்து, அதை அண்ணனிடம் கொடுத்தார்.

அண்ணன் திரும்பி நடந்து வரும்போது வாசித்துச் சொன்னார். "சோறு கூடாது. பாண் கூடாது. மா, கிழங்கு, வாழைப்பழம் ஒண்டும் கூடாது. சீனி, சக்கரை வாயிலை வைக்கக் கூடாது. மரக்கறி, கீரை வேணுமெண்ட அளவு தின்னலாம். மூண்டு மாசம்."

"மூண்டு மாசமும் சோறே இல்லையோ அண்ணை?"

"உயிர் வேணுமெண்டால் இல்லை."

அந்தத் தாளை அவர் குசினிச் சுவரில் ஒட்டிவிட்டார்.

உலகச் சண்டைக் காலம் அது. பர்மா அரிசி வருவது நின்று, அரிசி கூப்பனுக்குத்தான் என்று ஆகியிருந்தது. ஆளுக்கு ஒரு கூப்பன் புத்தகம். வீட்டிலிருந்த ஐந்து புத்தகங்களையும் அண்ணன் தன் அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார். கிடைத்த அரிசி கிழமை முழுதுக்கும் போதாது. இராத்திரிக்கு மரவள்ளிக்கிழங்கு, இல்லாவிட்டால் பேக்கரிப் பாண். மத்தியானச் சோற்றை எல்லாருக்கும் அளந்துதான் போடுவேன். இரண்டாம் முறை கேட்கும் பழக்கத்தை அண்ணன் அந்த நாட்களில்தான் விட்டார். அவருக்கு அது பெரிய கவலை.

நான் சோற்றை விட்டேன். முதல் மூன்று நாள் தலையிடி தாங்கவில்லை. சோறு வடிக்கும்போது வரும் ஆவியில் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்பேன். பிறகு பழகிவிட்டது. கீரைக் கடையல், புடலங்காய், பாகற்காய், வல்லாரைச் சம்பல், மோர். ஒரு மாதத்தில் தாகம் அடங்கியது. இராத்திரியில் எழும்புவது நின்றது. குந்தியிருந்து தேங்காய் துருவிவிட்டுக் கையை ஊன்றாமல் எழும்பினேன். என் சட்டைகளை நானே இரண்டு முறை பிடித்துத் தைத்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. டொக்டருக்கும், தாளை வாசித்துச் சொன்ன அண்ணனுக்கும் மனதுக்குள் நன்றி சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

ஐந்து பேருக்குப் போட்ட அரிசியை நான் தொடர்ந்து உலையில் போட்டுக்கொண்டிருந்தேன். குறைத்துப் போடு என்று ஒருவரும் சொல்லவில்லை. அண்ணன் மறுபடியும் இரண்டாம் முறை சோறு கேட்கத் தொடங்கினார். நான்தான் போட்டேன். போட்ட கைக்குத் தெரியாதா அது யாருடைய சோறு என்று? தெரியும். நோயாளிக்கு வேண்டாத சோறு வீணாகாமல் போகட்டும் என்று சும்மா இருந்தேன்.

மீனும் எனக்கு இல்லாமல் போனது. அது எப்படி நடந்தது என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை. காவுகாரன் தோளில் காவிக்கொண்டு வரும் மீன் விலை ஏறிவிட்டது என்று நாலு துண்டு வாங்கத் தொடங்கினார்கள். வீட்டில் ஐந்து பேர். முட்டையெல்லாம் பட்டாளத்துக்குப் போகிறது என்றார்கள். வந்த ஒன்றிரண்டு முட்டை பிள்ளைகளுக்கு. "உங்களுக்கு மரக்கறிதானே மச்சாள் எழுதியிருக்குது," என்பாள் அண்ணனின் மனைவி. சுவரில் இருந்த தாளைக் கையால் காட்டியே சொல்வாள். அவளுக்கும் இங்கிலிஷ் தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். நான் இரண்டு கையையும் நீட்டி வாங்கினேன். கண்ணில் ஒற்றிக்கொள்வதற்குள் அவள் அதை எடுத்துவிட்டாள்.

"குடுங்கோ மச்சாள். உங்களுக்கு இது நஞ்சு."

பக்கத்தில் நின்ற ஒரு பெண் சிரித்தாள். "அப்ப உங்கட மச்சாளுக்குச் சாமி என்னத்தைத்தான் குடுக்கிறது?"

"திருநீறு காணும். அதிலை சீனி இல்லை."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாயில் குண்டூசி இல்லாத நேரத்தில் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

மூன்றாம் மாதத்தில் தலைமயிர் சீப்போடு வரத் தொடங்கியது. மெசின் சக்கரத்தைச் சுற்றச் சுற்ற அறையும் சேர்ந்து சுற்றியது. ஒருநாள் ஊசி விரலுக்குள் இறங்கியபோதுதான் நான் கண்ணை மூடியிருந்தது தெரிந்தது. ஒழுங்கையில் உள்ளவர்களோ, "மெலிஞ்சு வடிவா வந்திட்டீங்கள்" என்றார்கள். அண்ணனிடம் சொன்னேன். கந்தோரில் லீவு இல்லை, அடுத்த மாதம் பார்ப்போம் என்றார்.

மறுநாள் காலை, அவர் போனபிறகு, தாளைச் சுவரிலிருந்து மெல்ல உரித்து எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். தாளைக் காட்டினால் நான் ஒன்றும் பேசத் தேவையில்லை என்பதுதான் என் யோசனை.

டொக்டருக்குத் தமிழ் நாலு சொல்தான் வரும். அங்கே மருந்து கலக்கிக் கொடுப்பவர் கொட்டாஞ்சேனைத் தமிழர். டொக்டர் அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்பாட்டினார். குழாயைக் காய்ச்சினார். நீலம் நீலமாகவே நின்றது; சீனி இல்லை. இந்த முறை எனக்கும் காட்டினார். பிறகு தராசில் ஏறச் சொன்னார். முள்ளைப் பார்த்ததும் முகம் மாறியது. ஏதோ கேட்டார்.

"தினம் ரெண்டு முட்டை சாப்பிடுறீங்களாண்டு கேக்கிறார்," என்றார் மருந்து கலக்குபவர்.

"முட்டையோ?"

"எழுதித் தந்திருக்கிறாரே அம்மா." என் கையிலிருந்த தாளை வாங்கி, கோட்டுக்குக் கீழே விரலை வைத்தார். "காலையில முட்டை ரெண்டு. மத்தியானமும் ராவும் மீன், இல்லாட்டி இறைச்சி. தயிர். நெய் கொஞ்சம். மத்தியானத்துக்கு மட்டும் ஒரு பிடி சோறு."

"கடைசியா என்ன சொன்னீங்கள்?"

"ஒரு பிடி சோறு. கூடக் கூடாதாம். கீழ கோடு போட்டிருக்கிறார், பாருங்க."

பார்த்தேன். மூன்று மாதமாக, ஒரு நாளைக்கு மூன்று வேளை, அடுப்படியில் நின்றுகொண்டு நான் பார்த்த அதே எழுத்து.

"இதெல்லாம் ஒழுங்கா சாப்பிடுறீங்களா?"

"ஓம்," என்றேன். "சாப்பிடுறனான்."

ஏன் அப்படிச் சொன்னேன்? வெளி ஆட்களுக்கு முன்னால் வீட்டுக் கதை போகக்கூடாது. எங்களை அப்படித்தான் வளர்த்திருந்தார்கள். அண்ணனின் மானத்தை நான் காப்பாற்றினேன். என் சோற்றைத் தின்றவரின் மானத்தை.

டொக்டர் குழாயைக் காதில் மாட்டி, என் நெஞ்சிலும் முதுகிலும் வைத்து வெகுநேரம் கேட்டார். இருமல் இருக்கிறதா, சளியில் இரத்தம் வருகிறதா, வீட்டில் யாருக்கும் கசநோய் இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேள்வி வந்தது.

"இவ்வளவும் சாப்பிட்டும் இப்பிடி மெலியிறதெண்டா நெஞ்சில வருத்தம் இருக்கலாமாம். பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் தாறாராம். நெஞ்சைப் படம் பிடிக்க வேணுமாம்."

கசம் என்ற சொல் ஒழுங்கைக்குள் போனால், நான் தொட்ட துணியை எவள் உடம்பில் போடுவாள்? எனக்கென்று இருந்தது அந்த மெசின் ஒன்றுதான். டொக்டர் பேனையை எடுத்துவிட்டார்.

"நான் சாப்பிடேல்லை," என்றேன்.

இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"முட்டை இல்லை. மீன் இல்லை. சோறும் இல்லை. மூண்டு மாசமா மரக்கறி மட்டும்தான். உந்தத் தாளிலை இப்பிடியெல்லாம் எழுதியிருக்கிறது எனக்குத் தெரியாது."

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. வெளியே வாங்கில் குந்திக் காத்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

மருந்து கலக்குபவர் உடனே மொழிபெயர்க்கவில்லை. "வாசிச்சுச் சொல்ல வீட்டுல ஆள் இல்லையா அம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இருக்கினம்."

அவர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார். டொக்டரிடம் இரண்டு வசனத்தில் சொன்னார். டொக்டரின் கழுத்து சிவந்தது. கடிதத்தைக் கிழித்துவிட்டு, தடித்த குரலில் என்னவோ சொன்னார்.

"என்ன சொல்லுறார்?"

"அதை விடுங்க."

பிறகு அவர் ஒரு புதுத் தாளை எடுத்து, டொக்டர் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் தமிழில் எழுதித் தந்தார். முத்து முத்தான எழுத்து. பழைய தாளை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அன்று பின்னேரம் அண்ணன் கோட்டைக் கழற்றும் வரைதான் பொறுத்திருந்தேன். இரண்டு தாள்களையும் மேசையில் அவர் முன்னால் வைத்தேன். அவர் தமிழ்த் தாளை வாசித்தார். நேரம் எடுத்து வாசித்தார்.

"தனியாகவோ போனனீ?"

"அண்ணை, நீங்கள் இதை எனக்கு வாசிச்சுச் சொல்லேல்லை."

"சொல்லியிருந்தா என்ன செய்திருப்பாய்? ஒரு பிடி எண்டா அதிலை நிண்டிருப்பியோ? சின்னனிலை இருந்து உன்னை எனக்குத் தெரியாதோ? உன்ர நன்மைக்குத்தான் விட்டனான்."

"முட்டையும் மீனும்?"

"இந்தக் காலத்திலை முட்டைக்கு எங்கை போறது? டொக்டர்மாருக்கென்ன, எழுதுவினம்." பிறகு குரலை உயர்த்தினார். "சீனி போச்சுதோ இல்லையோ? அதைச் சொல்லு. ஆராலை போனது?"

சீனி போனது உண்மை. முழங்கால் வலி போனதும் உண்மை. என் கோபத்துக்குப் பெரிய இடைஞ்சல் அதுதான். வருடக்கணக்காக அந்தக் கேள்விக்கு ஒரு நல்ல பதிலைத் தேடிப் பார்த்திருக்கிறேன். டொக்டர் எழுதியதை எழுதியபடி சாப்பிட்டிருந்தாலும் சீனி போயிருக்கும், தலைமயிரும் மிஞ்சியிருக்கும். அன்றைக்கு இது வாயில் வரவில்லை. வந்தது வேறொன்று.

"என்ர கூப்பன் புத்தகத்தைத் தாங்கோ."

"என்னத்துக்கு?"

"என்ர அரிசியை நானே எடுக்கப்போறன்."

அண்ணனின் மனைவி குசினி வாசலில் வந்து நின்றாள். "மச்சாள், அப்ப பிள்ளையளுக்குக் காணாதே."

"தெரியும். அளந்து போட்டவள் நான்தானே."

"ஊருக்குத் தெரிஞ்சா என்ன சொல்லும்? ஒரு வீட்டிலை ரெண்டு உலையோ?" என்றார் அண்ணன்.

"டொக்டரின்ர வாசலிலை இருந்த ஆக்களுக்கு ஏற்கனவே தெரியும்."

அவ்வளவு வருடமும் நான் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. அண்ணன் எழுந்து போய் அலுமாரியைத் திறந்தார். புத்தகத்தை என் கையில் தரவில்லை. மேசையில் போட்டார். நான் எடுத்துக்கொண்டேன். அட்டையில் என் பெயரை அவருடைய கையெழுத்திலேயே எழுதியிருந்தார்.

சனிக்கிழமை கூப்பன் கடை வரிசையில் நின்றேன். கடைக்காரர் சிங்களத்தில் ஏதோ கேட்க, நான் புத்தகத்தை நீட்டினேன். அரிசியை என் பைக்குள் கொட்டினார். பாரம் அதிகமில்லை. வரும் வழியில் காவுகாரனை மறித்து, தையல் காசில் ஒரு சின்னப் பாரை மீனும் வாங்கினேன்.

அன்று மத்தியானம் என் அரிசியைச் சின்னச் சட்டியில் தனியாகப் போட்டேன். ஒரு பிடி சோறு. கூட இல்லை. வெறும் சோற்றில் முதல் கவளத்தை எடுத்து வாயில் வைத்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் என் சோற்றுக் கோப்பையைப் பார்த்ததால், மீனில் ஆளுக்கொரு துண்டு வைத்தேன். அவர்கள் ஒரு பிழையும் செய்யவில்லை.

அண்ணன் தன் கோப்பையைத் துடைத்து முடித்துவிட்டு, வழக்கம்போல என் பக்கம் நீட்டினார். பிறகு நினைவு வந்து மனைவியின் பக்கம் திருப்பினார்.

"முடிஞ்சுது," என்றாள் அவள்.

அவர் சின்னச் சட்டியைப் பார்த்தார். நான் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.