வண்டியின் பின்னால் கட்டிய பானை

ரப்பர்த் தோட்டத்து ஆபீசில் எழுத்துவேலை பார்க்கும் கிராணியாக இருந்த நான், ஈப்போ டவுனில் சொந்த வீடு வாங்கிக் குடிபோன அன்று பட்ட கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எல்லாம் தோட்டத்து மாட்டுவண்டிக்காரரால். ஒல்லியான மனிதர், ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்துப் பார்க்காமல் எந்த முடிச்சையும் நம்ப மாட்டார்.

எந்தச் சாமான் எங்கே ஏற வேண்டும் என்று ஒரு வாரம் திட்டம் போட்டிருந்தேன். தேக்கு நாற்காலிகள் பின்பக்கம், கடைத்தெருவே பார்க்கும்படி. சைக்கிளில் பின்னால் வந்து பார்த்தால், நாற்காலிகளைப் பாய் போட்டு மூடிவிட்டு, கரி பிடித்த சோற்றுப் பானையையும் மூன்று அடுப்புக் கற்களையும் பின்னால் கட்டியிருக்கிறார்! ஊரே பார்க்கிறது.

"அறிவிருக்கா ஒமக்கு? புது வீட்டுல அடுப்பு இருக்கு. இந்தக் கல்லு எதுக்கு?" என்று தெருவிலேயே கத்தினேன். பானையை அவிழ்க்கப் பார்த்தேன். முடிச்சு அசையவில்லை.

"கோவிச்சுக்காதீங்க கிராணி ஐயா. இத்தன வருசமா நான் ஏத்துனதெல்லாம் தொரை வேலைய விட்டு வெரட்டுன சனங்க சாமான்தான். எந்த மரத்தடியில சோறாக்குவாங்களோ? அதான் பானைய கை எட்டுற எடத்துல கட்டிப் பழகிட்டேன். வீடு இருக்கிறவங்களுக்கு வண்டி கட்டுறது இதான் மொத தடவ."

கோபம் அடங்கவில்லை. ஆனால் முடிச்சிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். அந்தச் சனங்களை வேலையிலிருந்து நீக்கிய சீட்டு ஒவ்வொன்றையும் எழுதியது என் கை. அது அவருக்குத் தெரியாதா, தெரிந்தும் துரையை மட்டும் சொன்னாரா என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.