கையெழுத்துப் போடாதவர்

ஜமீலா மேடம் மௌத்தாகிவிட்டதாக அவருடைய தம்பி போனில் சொன்னபோது, ஸ்ரீரங்கத்தில் என் வீட்டில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அன்றே அடக்கம். அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன். கல்லூரியிலிருந்து அதிகம் பேர் வரவில்லை.

வரலாற்றுத் துறையில் அவருக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. கட்டுரையைக் கையில் வாங்கியதும் அடிக்குறிப்பைத்தான் முதலில் பார்ப்பார். இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுவார். "சொன்னவங்க பேரைப் போட்டா உங்க கை தேஞ்சா போயிடும்?" என்று கேட்பார். அவரிடம் படித்த உங்களுக்கு அந்தக் குரல் மறந்திருக்காது.

நிர்வாகத்துக்கு வேண்டிய ஒருவர் அவரிடம் முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்தார். மருங்காபுரிப் பக்கத்துக் கிணற்றுப் பாசனம் பற்றிய ஆய்வேட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். சில பக்கங்களிலேயே மேடத்துக்குத் தெரிந்துவிட்டது. அது முன்பு அவரிடம் எம்ஃபில் செய்த செல்வி, வெயிலில் ஊர் ஊராக அலைந்து எழுதியது. கிணறு வெட்டிய தன் அப்பாவைப் பற்றி "என் தந்தை" என்று செல்வி எழுதியிருந்ததைக்கூட அந்த ஆள் மாற்றவில்லை. அவருடைய தந்தைக்குக் காட்டூரில் நகைக்கடை.

மேடம் கையெழுத்துப் போட மறுத்தார். பெரிதாக்க வேண்டாம் என்றார் முதல்வர். மேடமும் நானும் கொடுத்த புகாருக்குப் பதிலே வரவில்லை. வழிகாட்டியை மாற்றினார்கள், பட்டம் வந்தது. மேடத்திடமிருந்த ஆய்வு மாணவர்களையெல்லாம் வேறு ஆசிரியர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள்.

செல்வியைத் தேடி மருங்காபுரிக்குப் போனோம். ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னோம். அழவில்லை.

"விட்டுடுங்க மேடம். அவங்கள எதிர்த்து நான் எங்க போய் நிக்கிறது?"

திரும்பும்போது பஸ்ஸில் மேடம் மெதுவாகச் சொன்னார்: "அடிக்குறிப்பு போடச் சொல்லிக் குடுத்தேங்க. பறிகொடுத்தா என்ன செய்யணும்னு அந்தப் பொண்ணுக்குச் சொல்லிக் குடுக்கல."

ஓய்வு பெறும்வரை அவருக்கு ஓர் ஆய்வு மாணவரைக்கூடத் தரவில்லை.

போன வாரம் கல்லூரியில் இரங்கல் கூட்டம். பேசியவர் அந்த ஆய்வேட்டைக் கொடுத்துப் பட்டம் வாங்கிய அதே மனிதர், இப்போது துறைத்தலைவர். நேர்மை என்றால் என்னவென்று தமக்குக் கற்றுத் தந்தவர் மேடம்தான் என்றார். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் எழுந்து, "உங்க ஆய்வேட்டுல மேடம் கையெழுத்துப் போடல. அது செல்வி எழுதினது" என்றேன். பின்னாலிருந்து யாரோ என் தோளைத் தொட்டு, துக்க நேரத்தில் இதெல்லாம் வேண்டாம் என்றார். கூட்டம் மௌன அஞ்சலிக்கு எழுந்து நின்றது.

அவரை அறிந்த உங்களுக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. எனக்கென்று அவர் விட்டுப்போனது கோபம் ஒன்றுதான். அதைத் தணித்துக்கொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை.